மாங்கனி வியாபாரம்: வகை அறிவோம், நலம் அறிவோம்



"மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும்" என்பது நம் பெரியோர் வாக்கு. மா, பலா, வாழை என்னும் முக்கனிகளில் மாவுக்கே முதலிடம். சித்திரை பிறந்துவிட்டால் மளிகைக் கடை வாசலிலும் இரண்டு பெட்டி மாம்பழம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பருப்பு, புளி, மிளகாய் விற்கும் நம்மில் பலர் அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் பழ வியாபாரிகளாகிறோம். ஆனால் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லும் நாம், மாம்பழத்தை நிறம் பார்த்தே வாங்கி, நிறம் காட்டியே விற்கிறோம். இது சரியா? மண்டியில் நாற்பது ஆண்டுகளாக இருந்து நாங்கள் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வகைகளும் பருவமும்

முதலில் வருவது செந்தூரா. தோள்பட்டையில் சிவப்பு ஏறிய, மெல்லிய தோலுள்ள பழம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அதிகம் வருகிறது. அதை ஒட்டியே அல்போன்சாவும் பங்கனபள்ளியும் வந்துவிடும்.

பங்கனபள்ளி ஆந்திரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். பெனிஷான் என்றும் சொல்வார்கள். நம் தென்மாவட்டங்களில் சப்பட்டை என்பதும் இதுவே. 2017ல் ஆந்திர மாநிலத்தின் பெயரில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய பழம், நாரில்லாத சதை, குறையாத கிராக்கி. புதிதாகப் பழம் போடும் கடைக்காரர் இதில் தொடங்குவது நல்லது.

அல்போன்சா கொங்கணக் கடற்கரையின் ரத்தினகிரி, தேவகட் பகுதிகளில் பேர் பெற்றது. கர்நாடகத்தில் இதையே பாதாமி என்கிறார்கள். மணமும் ஆழ்ந்த நிறமும் இதன் சிறப்பு. குறையும் ஒன்று உண்டு. வெளியே பழுதில்லாமல் இருக்கும்; அறுத்தால் கொட்டையை ஒட்டிச் சதை பஞ்சுபோல் வெளுத்திருக்கும். இது நோயும் அல்ல, வியாபாரியின் மோசடியும் அல்ல. இந்த வகைக்கே உரிய குறை. வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

வைகாசியில் மல்கோவா வரும். பெரிய உருண்டைப் பழம், சிறிய கொட்டை, தடித்த தோல். மரம் குறைவாகவே காய்க்கும், அதனால்தான் விலை. 1889ல் மல்கோபா என்ற பெயரில் நம் நாட்டிலிருந்து ஒட்டுக்கன்றுகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போயின. அந்த மரத்தின் விதையில் பிறந்ததுதான் அங்கே புகழ்பெற்ற ஹேடன் மாம்பழம். நம் கடைப் பெட்டியில் இருக்கும் சரக்குக்கு இவ்வளவு பெரிய வம்சம் இருக்கிறது!

இமாம் பசந்த் மெல்லிய தோலும் மிகுந்த இனிப்பும் உடையது. விலை அதிகம், அடிபட்டால் தாங்காது. ஆகவே நிச்சயமான வாடிக்கையாளர் இருந்தால் மட்டும் கொஞ்சமாக எடுக்கலாம். காலாபாடி சிறிய பழம். தோல் பச்சையாகவே இருந்தாலும் உள்ளே தேன். நிறம் பார்த்து வாங்குபவர்கள் இதை ஒதுக்கிவிடுவார்கள். ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தால் போதும், மறுநாள் அவர்களே கேட்டு வருவார்கள்.

கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லப்படுவது ஒரே வகை. காயாக உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னவும், மாங்கூழ் ஆலைகளுக்கும் இதுவே பிரதானம். கிருஷ்ணகிரி, சித்தூர் வட்டாரத்து ஆலைகள் இதை நம்பி நடக்கின்றன.

கடைசியாக நீலமும் ருமானியாவும் வரும். ருமானியா ஆப்பிள் போல் உருண்டிருக்கும். நீலம் ஆண்டு தவறாமல் காய்க்கும்; மணம் நிறைந்தது; பல நாள் தாங்கும்; விலையும் குறைவு. ஏழை வீட்டுக்கும் மாம்பழம் போய்ச் சேர்வது நீலத்தால்தான். கொட்டைக்குள் வண்டு இருப்பது இதில் அதிகம். வண்டு, காய் பிஞ்சாக இருக்கும்போதே புகுந்துவிடுகிறது. வெளியே துளை தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லி விற்றால் சண்டை வராது. வடநாட்டுத் தசேரியோடு இந்த நீலத்தைச் சேர்த்து உருவாக்கியவையே மல்லிகா, அம்ரபாலி என்னும் ஒட்டு ரகங்கள்.

முற்றிய காய் எது?

பழத்தின் சுவை மரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. முற்றாத காயை எந்த முறையில் பழுக்க வைத்தாலும் அது மஞ்சள் காயே தவிர பழம் அல்ல. மண்டியில் காய் எடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, காம்பின் இருபுறமும் தோள்கள் காம்பை விட மேலே எழும்பி, காம்பு குழிக்குள் இருப்பதுபோல் தெரிய வேண்டும். இரண்டு, கரும்பச்சை மாறி இளம்பச்சை ஆகியிருக்க வேண்டும். மூன்று, ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். காம்பு சிறிது விட்டுப் பறித்த காயாக இருந்தால் பால் வடிந்து தோல் கருகாது.

நாங்கள் பட்ட பாடம்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

1992ஆம் ஆண்டு பங்குனிக் கடைசி. சந்தையில் வேறு எவரிடமும் பழம் இல்லாத நேரம். முதலில் இறக்குபவனுக்கே விலை என்ற ஆசையில், பாதி முற்றிய பங்கனபள்ளியை வாங்கி, பெட்டிக்குள் பொட்டலம் பொட்டலமாகக் கார்பைடு கல் வைத்தோம். மூன்றாம் நாள் பொன்போல் மஞ்சள். எங்களிடம் பதினைந்து வருடமாக மளிகையும் பழமும் எடுத்த ஒரு சில்லறை வியாபாரி, தம் தெருவில் நடந்த கல்யாண வீட்டுக்காக இருபது பெட்டி எடுத்துப் போனார். எங்களைக் கேட்டுத்தான் எடுத்தார். "நல்ல சரக்குதான், தைரியமாகக் கொண்டு போங்கள்" என்று நாங்கள்தான் சொன்னோம்.

மறுநாள் காலை அவர் வந்தார். சத்தம் போடவில்லை. மடியில் கட்டிவந்த ஒரு பழத்தை எடுத்து, எங்கள் கல்லாப்பெட்டி மேல் வைத்து, கத்தி கேட்டு வாங்கி இரண்டாக அறுத்தார். உள்ளே சதை வெள்ளையாக, காய்போல் கடினமாக இருந்தது. "பந்தியில் இலைக்கு இலை இப்படியே கிடந்தது அண்ணாச்சி. எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்க மறுத்தார். பழைய பாக்கியைக் கணக்குப் பார்த்து அடைத்துவிட்டுப் போனவர், அதன்பின் எங்கள் படியேறவில்லை.

இருபது பெட்டியில் கிடைத்த லாபம் சில நூறு ரூபாய். போனது பதினைந்து வருட வாடிக்கை. அதைவிட, நம் சொல்லை நம்பி அவர் தம் சொல்லைக் கொடுத்திருந்தார். அதையும் சேர்த்துக் கெடுத்தோம். அன்றோடு எங்கள் மண்டிக்குள் கல் நுழைவதை நிறுத்தினோம்.

பழுக்க வைக்கும் நேர்வழி

கார்பைடு கல் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயுவை வெளியிடுகிறது. கடையில் கிடைக்கும் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுகள் சிறிது கலந்திருக்கும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, இவ்வாறு பழுக்க வைத்த பழத்தை விற்பதையே தடை செய்கிறது. பழுக்க வைத்தவர் மட்டுமல்ல, விற்பவரும் பொறுப்பாளி. "மண்டியில் வாங்கினேன், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே ரசீது இல்லாமல் பழம் எடுக்காதீர்கள்.

எத்திலின் வாயு முறைக்கு அனுமதி உண்டு. காய் பழுக்கும்போது தானே வெளியிடும் வாயுவும் இதுவே. மூடிய அறையில் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இதைச் செலுத்தலாம் என்று 2016ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. எத்திபான் பொடிப் பொட்டலம் வைப்பவர்கள் அது பழத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்திபான் கரைசலில் பழத்தை முக்குவது கூடாது. சிறிய கடைக்காரருக்கு இவை எதுவும் தேவையில்லை. முற்றிய காயைக் காற்றோட்டமான அறையில் வைக்கோல் பரப்பி, காம்புப் பக்கம் கீழாக அடுக்கினால் ஒரு வாரத்துக்குள் தானே பழுத்துவிடும்.

கல் வைத்த பழத்தை எப்படி அறிவது? எல்லாப் பழமும் ஒரே மஞ்சளாக இருந்து, மூக்கருகில் கொண்டுபோனால் மணம் இல்லாமல், தொட்டால் கல்லாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டி அடியில் சாம்பல் நிறப் பொடியோ பொட்டலமோ இருந்தால் அந்தச் சரக்கே வேண்டாம். நிறம் மட்டும் சாட்சி ஆகாது. ஒன்றை அறுத்துப் பார்த்து வாங்குவதே முறை.

உடலுக்கு என்ன நன்மை?

வாடிக்கையாளர் கேட்கிறார்கள், நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் மாம்பழச் சதையில் சுமார் 60 கலோரி, 14 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் நார்ச்சத்து, 36 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி உள்ளன. இந்த வைட்டமின் ஒரு நாளைத் தேவையில் ஏறக்குறையப் பாதி. நாம் உண்ணும் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் இது உதவுகிறது. மஞ்சள் நிறத்தைத் தரும் கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. கண்ணுக்கும் தோலுக்கும் நல்லது. கர்ப்பிணிகளுக்கு வேண்டிய போலிக் அமிலமும் உண்டு. காயில் வைட்டமின் சி அதிகம், பழத்தில் கரோட்டின் அதிகம். நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும்.

சர்க்கரை நோயாளிகள் கேட்டால் என்ன சொல்வது? ஒரு நடுத்தரப் பங்கனபள்ளியில் 200 கிராம் சதை என்று வைத்தால், அதில் 28 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டி. சோறு சாப்பிட்ட கையோடு முழுப்பழம் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர்களின் மருத்துவரே சொல்ல வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கும் அப்படியே. பழத்தில் பொட்டாசியம் உண்டு. விற்பனைக்காக "ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்.

மாம்பழம் தின்றால் வாய் ஓரம் புண்ணாகிறது என்பார்கள். பெரும்பாலும் காரணம் காம்புப் பால். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். அந்தப் பால் சிலருக்கு அரிப்பு உண்டாக்கும். பழத்தைக் கழுவி, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, காம்புப் பகுதியைச் சீவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பழுக்காத காயைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் தாக்கினால் தோல் கறுக்கும், பழுக்கவும் பழுக்காது. தினமும் காலையில் பெட்டியைக் கலைத்து, அழுகலைத் தனியே எடுங்கள். ஒன்று பத்தைக் கெடுக்கும்.

அடக்க விலையைச் சரியாகப் போடுங்கள். கிலோ 50 ரூபாய்க்கு 100 கிலோ எடுத்து, வாடலிலும் அழுகலிலும் 8 கிலோ போனதாக வைத்துக்கொள்வோம். விற்க இருப்பது 92 கிலோ. அடக்கம் 50 அல்ல, 54 ரூபாய் 35 காசு. வண்டிக்கூலி, இறக்குகூலி தனி. இதைப் பார்க்காமல் 54க்கு விற்றுவிட்டு, நான்கு ரூபாய் லாபம் என்று நினைத்து நஷ்டப்படுபவர்கள் நம்மில் உண்டு.

பழ வியாபாரம் மூன்று மாதம். கடை ஆண்டு முழுவதும். மாம்பழம் வாங்க வந்தவரே நாளை பருப்பும் எண்ணெயும் வாங்க வருவார். முதலில் இறக்கிய பழத்தை விட, நம்பிப் பிள்ளைக்குக் கொடுத்த பழமே அவரைத் திரும்ப வரவைக்கும். பதினைந்து நாள் பொறுத்து, முற்றிய காயை இறக்குவோம். அறுத்துக் காட்டி விற்போம். நம் சங்கத்து உறுப்பினர் கடையில் மாம்பழம் வாங்கினால் பயமில்லை என்ற பேச்சு ஊரில் வரட்டும். அதுவே நமக்கு மூலதனம்.