‘மொலிப்டேன்’: செருமானிய வேதியியற் சொல்லின் பிறப்பும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

முன்னுரை

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஊத்தங்கரை வரை நீளும் பாறைப் பகுதியில் மாலிப்டினம் என்னும் உலோகத்தின் கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கண்டறிந்துள்ளது. தமிழ் மண்ணில் கிடைக்கும் இவ்வுலோகம் தமிழில் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகிறது. அப்பெயரின் வேர்ப்பொருளை மொழிபெயர்த்துத் தமிழ்ச்சொல் ஆக்குதல் தகுமா என்பதை அதன் செருமானிய வடிவங்களின் சொற்பிறப்புவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

செருமானியத்தில் இவ்வுலோகத்தின் பெயர் ‘மொலிப்டேன்’. இது ஈயத்தைக் குறிக்கும் ‘மொலிப்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது. இதன் கனிமத்தைச் செருமானியர் முன்னர் ‘வாசர்பிளை’ என வழங்கினர். ‘வாசர்’ என்பது நீர். ‘பிளை’ என்பது ஈயம். இரு பெயர்களிலும் ஈயம் உண்டு. ஆயின் கனிமத்தின் வேதி அமைப்பில் ஈயம் இல்லை. அது மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த சேர்மமாகும்.

இம்முரணுக்குக் காரணம் தோற்ற ஒற்றுமையே. மாலிப்டினக் கனிமம், ஈயக் கனிமமாகிய கலீனா, கிராஃபைட்டு ஆகிய மூன்றும் கருஞ்சாம்பல் நிறமும் பளபளப்பும் உடையன. அதனால் நெடுங்காலம் அவை ஒன்றோடொன்று மயங்கின. 1778இல் ஷீலே இக்கனிமத்தின் தனித்தன்மையை நிறுவினார். 1781இல் யெல்ம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். மயக்கம் நீங்கிய பின்னும் பெயர் நிலைத்தது. கிராஃபைட்டால் ஆன பென்சிலைச் செருமானியர் இன்றும் ‘பிளைஸ்டிஃப்ட்’, அதாவது ஈயக்கோல், என்றே அழைக்கின்றனர்.

தமிழ் ஒப்புமை

தமிழிலும் இப்போக்கு உண்டு. காரீயம், வெள்ளீயம் என்னும் சொற்கள் இருவேறு தனிமங்களை ஒரே தலைச்சொல்லின்கீழ் அடக்கி, நிற அடையால் பிரிக்கின்றன. இலத்தீனும் ‘பிளம்பம் நிக்ரம்’, ‘பிளம்பம் ஆல்பம்’ எனக் கருமை, வெண்மை அடைகளால் இவ்விரண்டையும் வேறுபடுத்தியது. வெள்ளீயம் ஈயத்தின் வகையன்று. எனினும் நீண்ட வழக்கு அச்சொல்லின் பொருளை உறுதிசெய்துவிட்டதால் அது மயக்கம் தருவதில்லை.

புதிதாக ஆக்கப்படும் சொல்லுக்கு அத்தகைய வழக்கின் துணை இல்லை. அதன் உறுப்புகளைக் கொண்டே பொருள் உணரப்படும். ‘வாசர்பிளை’யைப் பின்பற்றி ‘நீரீயம்’ என ஆக்கினால், மாணவர் அதனை ஈயத்தின் ஒரு வகையாகவே கொள்வர். ஐரோப்பியர் கைவிட்ட மயக்கம் தமிழில் புதிதாகப் புகும்.

முடிவுரை

சொற்பிறப்பு பெயரின் வரலாற்றைக் காட்டும். பொருளின் இயல்பைக் காட்ட வேண்டும் என்பதில்லை. ஆதலின் இவ்விடத்து ‘மாலிப்டினம்’ என்னும் ஒலிபெயர்ப்பே பொருத்தமுடையது. தமிழ்ப்பெயர் வேண்டுமாயின், சுமார் 2,623 பாகை செல்சியசில் உருகும் அதன் வெப்பந்தாங்கும் பண்பு போன்ற மெய்யியல்பை அடியாகக் கொள்ளுதல் தகும்.