பாட்டி சைக்கிளும் முட்டித் தேய்மானமும்

அறுபது தாண்டிய பெண்கள் சைக்கிள் மிதித்தால் முட்டி தேய்ந்துவிடும் என்று முதலில் யார் கிளப்பிவிட்டார்களோ! பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் இதைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் ஓடாது. அண்மையில் ஒரு மகன் தன் அம்மாவை அழைத்துவந்தார். "இந்த வயசுலயும் மார்க்கெட்டுக்கு சைக்கிள்லதான் போறாங்க மேடம். ஜவ்வு தேஞ்சிடும்னு நீங்களாவது சொல்லுங்க." விசாரித்தால், வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. துணி காயப்போட அதற்கும் மேலே மொட்டைமாடி. தினமும் அம்மா அத்தனை படி ஏறி இறங்குவதில் மகனுக்கு ஒரு கவலையும் இல்லை. சைக்கிள்தான் உறுத்துகிறது.

நெதர்லாந்து போயிருந்தபோது உத்ரெக்ட் நகரத் தெருக்களில் எழுபது வயதுப் பெண்கள் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உடற்பயிற்சி உடையில் அல்ல. கோட்டும் மழைத்தொப்பியுமாக, பின்பக்கப் பைகளில் கீரையும் ரொட்டியும் துருத்திக்கொண்டிருக்க, கடைக்கும் வங்கிக்கும் தோழி வீட்டுக்கும். அந்த நாட்டில் சைக்கிளில் போய்வரும் பயணங்களில் பாதிக்குமேல் பெண்களுடையவை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள்கூட நான்கில் ஒரு பயணத்தைச் சைக்கிளில்தான் போகிறார்கள். முட்டி தேயும் என்பது உண்மையானால் அங்கே பாதி ஊர் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னால், "அவங்க உடம்பு வேற" என்று வாயை அடைப்பார்கள். சரி, உடம்பையே பார்ப்போம். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், மூட்டுமாற்று அறுவை செய்துகொண்ட சிலரின் செயற்கை முட்டிக்குள்ளேயே உணர்கருவி வைத்து, உள்ளே எவ்வளவு பாரம் விழுகிறது என்று நேரடியாக அளந்தார்கள். ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனால் ஊகமில்லாத அளவு. சமதரையில் நடக்கும்போது முட்டிமேல் விழுவது உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும்போது? சுமார் 1.2 மடங்கு. எழுபது கிலோ எடையுள்ள அம்மாவுக்குப் படியில் 240 கிலோவுக்கு மேல், சைக்கிளில் 84 கிலோ. அந்த மகனிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இருந்தாலும் மேடம்..." என்றார். இந்த 'இருந்தாலும்' என்பதற்கு என்னிடம் சிகிச்சை இல்லை.

அரைக்க அரைக்க ஆட்டுக்கல் வழவழத்துப்போவதைப் போல முட்டியும் போகும் என்று நினைப்பதால் வரும் வினை இது. முட்டியில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. மூட்டு அழுந்தி விடுபட்டு, மடங்கி நீண்டால்தான் அந்தத் திரவம் உள்ளே போய்வரும். அசையாத முட்டி பட்டினி கிடக்கிறது. அமெரிக்காவில் 2,600 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2024இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாழ்நாளில் எப்போதாவது சைக்கிள் ஓட்டும் பழக்கம் இருந்தவர்களிடம் முட்டிவலியும் தேய்மானமும் குறைவாகவே காணப்பட்டன. நல்ல முட்டி இருந்தவர்தானே ஓட்டியிருப்பார் என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள். அப்போதும் சைக்கிளால் தேய்ந்தது என்று சொல்ல அங்கே இடமில்லை.

ஏற்கெனவே தேய்மானம் இருப்பவர்கள்? அவர்களுக்குத்தான் நாங்கள் சிகிச்சை அறையில் நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளை மிதிக்கச் சொல்கிறோம். அங்கே மருந்தாக இருப்பது தெருவில் எப்படி விஷமாகும்? முன்முட்டி வலிக்கிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இருக்கை மட்டமாக இருக்கும். கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று இறக்கி வைத்துக்கொள்வார்கள். முட்டி அளவுக்கு மீறி மடங்கினால் வலிக்கத்தான் செய்யும். மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி இருக்கையை ஏற்றுங்கள். நிற்கும்போது இறங்கி நின்றுகொள்ளலாம்.

இங்கே என் பழைய புலம்பலையும் சேர்த்துக்கொள்கிறேன். முட்டியைக் காப்பது உறையும் இல்லை, தைலமும் இல்லை, தொடையின் முன்பக்கத் தசை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். முடியவில்லையா, காலை பத்து தடவை, மாலை பத்து தடவை எழுந்து உட்காருங்கள். சோபாவில் புதைந்துகொண்டு சீரியல் பார்க்கிறவர்கள் விளம்பர இடைவேளையில் செய்யலாம். ஆண்களுக்கும்தான் சொல்கிறேன்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பது நூற்றாண்டைத் தாண்டிய பூச்சாண்டி. 1890களில் ஐரோப்பாவில் பெண்கள் சைக்கிள் ஏறியபோது அங்கிருந்த மருத்துவர்கள் சிலரே இதைச் சொல்லி மிரட்டினார்கள். முகம் கோணிப்போகும் என்றுகூட எழுதினார்கள். கர்ப்பப்பை இறங்கப் பிரசவங்களும், மாதவிடாய் நின்றபின் தளரும் தசையும், தீராத இருமலும் மலச்சிக்கலும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் காரணம். குடத்தைத் தூக்காதே என்று எந்த மகனும் அம்மாவை என்னிடம் அழைத்துவந்ததில்லை.

"நெதர்லாந்து சமதளமான நாடு, யாரும் ஓட்டலாம்." சமதளம்தான். எதிர்காற்று என்று ஒன்று இருக்கிறதே! புயல்காற்று வீசும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சைக்கிளில் கடல் தடுப்பணை மீது எட்டரை கிலோமீட்டர் மிதிக்க எதிர்காற்றுப் போட்டியே நடத்துகிறார்கள்.

"அவங்க ரத்தத்துலயே ஊறினது." இல்லவே இல்லை. 1950களுக்குப் பிறகு அந்த நாடும் கார் பின்னால்தான் ஓடியது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் தொடங்கித் தெருவை மறித்தார்கள். அதன் முதல் தலைவர் மார்த்யே வான் பூட்டன் என்ற இளம்பெண். தனி சைக்கிள் பாதைகள் அந்தச் சண்டையிலும், 1973 எண்ணெய் நெருக்கடியிலும் வலுப்பெற்றவை. அன்று தெருவை மறித்த இளம் தாய்மார்கள்தான் இன்று எழுபது, எண்பது வயதில் அந்தப் பாதைகளில் போகிறார்கள். நம் பக்கம் மட்டும் என்ன? 1991, 92இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரிக்கும் வயலுக்கும் போன அந்த இளம்பெண்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். முட்டி தேயும் என்று அவர்களை இறக்கிவிடப் பார்ப்பது பெற்ற பிள்ளைகள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: விழுவது. 2017இல் நெதர்லாந்தில் காரில் போய் விபத்தில் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகம், அவர்களில் வயதானவர்கள் நிறைய. ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறி விழுந்து இடுப்பு உடைவது சர்வசாதாரணம். அதற்காக யாரையும் வீட்டில் உட்கார வைக்கவில்லை. வயதானவர்கள் தொடர்ந்து பாதுகாப்பாக மிதிக்க 'டோர்ட்ராப்பன்' என்று ஒரு தனித் திட்டமே வைத்திருக்கிறார்கள். நடுக்கம்பி தாழ்ந்து, செயினை முழுக்க மூடி, பின்சக்கரத்துக்குத் துணி சிக்காத காப்பு போட்ட 'ஓமாஃபீட்ஸ்' எனும் பாட்டி சைக்கிளில் காலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்தக் காப்பு வேறொன்றுமில்லை, நம் சேலை கார்டு. அதைக் கழற்றிவிட்டுப் பந்தயச் சைக்கிள் மாதிரிக் குனிய வைக்கும் கைப்பிடி மாட்டி 'லேடீஸ் மாடல்' என்று விற்கிறவர்களை என்ன செய்வது?

தலைசுற்றல் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. எலும்பு பலப்படும் என்று நம்பியும் ஏறாதீர்கள். சைக்கிள் எலும்பை வளர்க்காது, அதற்கு நடக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, மின்சைக்கிள் ஏமாற்று வேலை என்கிறார்கள். நெதர்லாந்தில் இப்போது விற்கும் புதுச் சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி அதுதான். அங்கே அதுவும் மிதித்தால்தான் ஓடும், மோட்டார் கைகொடுக்கும், அவ்வளவுதான். எடை அதிகம் என்பதுதான் சிக்கல். கடையிலேயே சாய்த்து நிமிர்த்தி, ஸ்டாண்ட் போட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.