தேசிக்காயை உப்பிலிட்டுச் சேமித்தல்

தேசி மரம் நிறையக் காய்க்குங் காலத்திற் காய் விலையிழந்து கிடப்பதும், காய்ப்பு ஓய்ந்த பின் அதே காயை ஒவ்வொன்றாக எண்ணி விலை கொடுத்து வாங்குவதும் எம்மிற் பலருக்குப் பழகிப்போனவை. வளவில் மூன்று மரங்களையுடைய கமக்காரர் ஒருவர், சந்தையில் விலைப்படாத ஒரு சாக்குக் காயைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு வண்டிக்கூலி கட்டாதென்று அங்கேயே விட்டுவந்ததாக என்னிடங் கூறினார். வீட்டில் ஊறுகாய் இடலாமே என்று கேட்டேன். முந்திய ஆண்டு இட்ட பெரிய சாடி முழுவதும் பூஞ்சணம் பிடித்துக் கொட்டப்பட்டதென்றும், அதன்பின் வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லையென்றும் விடை வந்தது. காயும் உப்பும் உழைப்பும் ஒருங்கே வீணானால் மனம் வராதுதான்.

அச் சாடி கெட்ட காரணத்தை விசாரித்தபோது, உப்பிற் குறைவில்லை என்று தெரிந்தது. மூன்றாம் நாள் ஊறிவந்த சாறு மிகையென எண்ணி, அதில் ஒரு பகுதியை வடித்துவிட்டனர். மேலிருந்த காய்கள் சாற்றுக்கு வெளியே நின்றன. பூஞ்சணம் அங்கேதான் தொடங்கியது.

இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் எஞ்சியவை எளிது. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது. அந்நீருடன் தேசிச் சாற்றின் சித்திரிக்கமிலமும் சேர்கின்றது. இவ்வளவு உப்பும் புளிப்பும் உள்ள சாற்றில் உணவைக் கெடுக்கும் பற்றீரியாக்கள் பெருகமாட்டா. ஆனாற் பூஞ்சணம் உப்பையும் புளிப்பையும் ஓரளவு தாங்கவல்லது. அதற்கு இன்றியமையாதது காற்று. எனவே காய் சாற்றின் கீழ் அமிழ்ந்திருக்கும்வரை பூஞ்சணத்துக்கு இடமில்லை. சாறு கழிவன்று, சாடியின் காவல் அதுவே.

காயும் உப்பும்

மரத்தில் மஞ்சள் நிறம் பற்றிய, முற்றிய காய்களைக் கையாற் பறித்தெடுங்கள். பச்சைக்காயிற் சாறு குறைவு, கைப்பு அதிகம். உலுக்கி வீழ்த்திய காய் அடிபட்டு உள்ளே கன்றியிருக்கும். அதனை அன்றே பிழிந்து பயன்படுத்துவது நன்று. தோலிற் பழுப்புநிறப் பொருக்குப் புள்ளிகள் உள்ள காயைச் சந்தையில் ஒதுக்கிவிடுவர். உள்ளே அழுகலில்லையாயின் அப் பொருக்கைச் சீவியெறிந்துவிட்டு ஊறுகாய்க்குக் கொள்ளலாம்.

காய்களைக் கழுவித் துணியால் ஒற்றி, ஓரிரவு காற்றில் உலரவிடுங்கள். காம்படியில் ஈரம் தங்குவதால் அவ்விடத்தை மறவாமற் துடைக்க வேண்டும். ஒரு கிலோகிராம் காய்க்கு 250 கிராம் உப்பு வேண்டும். கையளவாக அள்ளிப் போடாது நிறுத்துப் போடுங்கள். நான் கண்ட தவறுகளிற் பாதி இங்கேதான் நிகழ்கின்றன. கல்லுப்பாயின் வெயிலிற் காயவைத்து இடித்துக்கொள்க. அயடீன் சேர்த்த உப்பினால் ஊறுகாய் கெடுமென்று சிலர் அஞ்சுவர், அவ்வச்சத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு காயையும் அடி பிரியாதவாறு நான்காகப் பிளந்து, பிளவினுள் உப்பைத் திணித்து, சாடியில் நெருக்கமாக அடுக்குங்கள். எஞ்சிய உப்பை மேலே தூவுக. நாள்தோறும் உலர்ந்த அகப்பையாற் புரட்டி அழுத்தி வந்தால் மூன்று நான்கு நாளிற் சாறு ஊறிவரும். அது காய்களை மூடாவிடின் வேறு சில காய்களைப் பிழிந்து அச்சாற்றை ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றலாகாது.

பாரம் வைத்தல்

காய்கள் மிதந்தெழாதிருக்க மேலே பாரம் வைக்கவேண்டும். இதற்கு வளவிற் கிடக்கும் கல்லை எடுத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல் சுண்ணக்கல். தேசிச் சாறு பட்டதும் நுரைத்துக் கரைந்து, நாம் நம்பியிருக்கும் புளிப்பையே குறைத்துவிடும். சிறிய பீங்கான் தட்டும் அதன்மேல் நீர் நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் போத்தலும் போதும்.

சாடி கண்ணாடியாகவோ, உட்பூச்சு வெடிக்காத சீனச் சாடியாகவோ இருத்தல் வேண்டும். அலுமினியம், செம்பு, பித்தளை, இரும்பு ஆகியன புளிப்பால் அரிக்கப்படும். பயிர் மருந்து வந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு எடுக்கவே கூடாது. இதனை அச்சுறுத்துவதற்காகக் கூறவில்லை. சில வீடுகளில் இன்றும் அத்தகைய கலன்களிற் குடிநீரே வைத்திருக்கக் கண்டிருக்கின்றேன்.

ஒரு கிழமை சென்றபின் சாடியின் வாயை மெல்லிய வெள்ளைத் துணியாற் கட்டி, ஏழெட்டு நாள் பகல் வெயிலில் வைத்து, மாலையில் உள்ளே எடுத்துவிடுங்கள். தோல் மென்மையாகிப் பழுப்பேறக் கைப்புந் தணியும். ஒரு மாதத்திற் பழஞ்சோற்றுக்கோ கஞ்சிக்கோ எடுக்கலாம். மூன்று மாதம் பொறுத்தாற் சுவை மிகும். சிங்களக் கிராமங்களில் 'லுணு தெஹி' என வழங்குவதும் இதன் இனமே; அங்கு உப்பிட்ட காயை வெயிலில் நன்கு காயவைத்துச் சேமிப்பர்.

சாடியைத் திறந்தபின்

இருண்ட, குளிர்ந்த இடத்தில் வைத்து, வேண்டிய அளவை ஒரு சிறு போத்தலுக்கு மாற்றி அன்றாடம் பயன்படுத்துங்கள். பெரிய சாடி அடிக்கடி திறக்கப்படலாகாது. ஈரக் கரண்டி ஒருமுறை பட்டாலும் கேடு தொடங்கலாம். சாற்றின் மேல் மெல்லிய வெள்ளை ஆடை மட்டும் படர்ந்திருந்தால் அதனை வழித்தெறிந்து, பாரத்தைச் சரிசெய்து, மீண்டும் வெயிலில் வைக்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோற் பூஞ்சணம் எழுந்திருந்தால் மேற்பகுதியை மட்டும் நீக்கி உண்ணுதல் தகாது. பூஞ்சணம் அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைப்பதால் அடியிலுள்ளதும் நம்பத்தக்கதன்று. கொட்டிவிடுங்கள்.

குருதியழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதனைத் தவிர்த்தல் நன்று. ஏனையோருக்கும் ஒரு வேளைக்குக் காலேயரைக்கால் துண்டு போதும்.

வடபகுதியில் மாரி தொடங்கிவிட்டால் ஏழெட்டு நாள் தொடர்ந்து வெயில் கிடைப்பது அரிது. அக்காலத்துக் காயை வெயிலில் வையாது, சாற்றின்கீழ் அமிழ்த்தி அப்படியே இரண்டு மூன்று மாதம் விட்டு, தை பிறந்து வானம் வெளித்த பின் வெயில் காட்டுங்கள். சாடியின் மேல் இட்ட திகதியை எழுதி ஒட்டிவைக்கத் தவறாதீர்கள்.