கணிப்பொறியின் மறதி

நோயின் மூலத்தை அறியுமுன் மருந்திடுதல் தகாது என்பது நம் நாட்டு மருத்துவர் கண்ட முறை. அம்முறை கணிப்பொறிக்கும் பொருந்தும். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் நிலைபொருளைப் புதுப்பித்தபின் பொறி இயங்காதொழிந்தால், பலர் கலங்கி, உடனே வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவ முற்படுகின்றனர். பெரும்பாலும் அவ்வழிவு வேண்டாததேயாம். பொறி இறந்துவிடவில்லை, தான் அறிந்திருந்தவற்றுள் சிலவற்றை மறந்திருக்கின்றது. அம்மறதியின் வகைகளையும், அவற்றைத் தீர்க்கும் ஒழுங்கையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். தமிழ் பயிலும் மாணாக்கன் இதனை எழுதப் புகுந்த காரணம் பின்னர் விளங்கும்.

நிலைபொருள் யாது?

மின்விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு உண்டு. அதனுள் உறையும் நிரலே முதலில் விழித்து, நினைவகம், திரை, விசைப்பலகை, வட்டு முதலியவற்றைச் சோதித்து, பின்னர் விண்டோஸை எழுப்புகின்றது. இதற்குப் பயாஸ் என்னும் பெயரை 1975-ஆம் ஆண்டளவில் வழங்கியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர். 1981-இல் ஐபிஎம் கணிப்பொறி வெளிவந்தபின் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று. இக்காலத்துப் பொறிகளில் யூஈஎஃப்ஐ என்னும் புதுமுறை அமைந்திருப்பினும், பழம்பெயரே வழக்கில் நிற்கின்றது.

புதுப்பித்தலாவது, அச்சில்லில் உள்ளதை அழித்து மீள எழுதுதல். எழுதி முடிந்தபின், நாம் முன்பு குறித்துவைத்த அமைப்புகள் பெரும்பாலும் தொழிற்சாலை நிலைக்கே திரும்பிவிடுகின்றன. இதுவே இடர்கள் பலவற்றிற்கும் வித்து.

அங்ஙனமாயின் புதுப்பித்தல் எற்றுக்கு எனின், சில குறைகள் அதனாலன்றித் தீரா. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சில மிகை மின்னழுத்தத்தால் பழுதுறுவது வெளிப்பட்டு, 2024 ஆகஸ்டில் அதற்குரிய திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. ஆயினும் மருந்தே நோயாதலும் உண்டு. 2018 ஜனவரியில், செயலிகளின் காவற்குறையை நீக்க வந்த திருத்தம் பல பொறிகளைத் தாமே நின்று மீளத் தொடங்கச் செய்தது; அதனைப் பரப்புவதை நிறுத்துமாறு அந்நிறுவனமே அம்மாதம் 22-ஆம் நாள் அறிவித்தது. ஆதலின் தக்க காரணமின்றி, புதுமை வேட்கை ஒன்றினாலேயே இதனைச் செய்தல் வேண்டா.

நால்வகை இடர்கள்

முதலாவது, திரை இருண்டு கிடத்தல். புதிய நினைவகங்களையுடைய பொறிகளில், புதுப்பித்தபின் வரும் முதல் தொடக்கத்தில் நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் செல்லும். அப்பொழுது மின்சாரத்தை நிறுத்துவது பெரும்பிழை. கால்மணி நேரம் பொறுத்தும் ஒளி வாராதாயின், மின்னிணைப்பைக் கழற்றி, பலகையிலுள்ள நாணய வடிவான 3 வோல்ட் மின்கலத்தைச் சில நிமிடங்கள் எடுத்துவைத்துப் பின்னர்ப் பொருத்துக. எங்கள் கடற்கரையூர்களில் அம்மின்கலத்தின் பிடியில் உப்புக்காற்றால் துரு ஏறுவதுமுண்டு, அதனையும் நோக்குக.

இரண்டாவது, வட்டு இல்லை என்று பொறி கூறுதல், அல்லது நீலத்திரை தோன்றுதல். வட்டு ஆண்டேதான் இருக்கும்; அதனை அணுகும் முறை மாறியிருக்கும். பயாஸின் உட்புகுந்து, வட்டுகளின் வரிசையையும், ஏஎச்சிஐ, ரெய்டு என்னும் முறைகளுள் முன்பு இருந்தது யாது என்பதையும் கண்டு, பழைய நிலையில் வைக்க. ஒரு வேளைக்கு ஒன்றே மாற்றுக. ஒருங்கே பலவற்றை மாற்றினால், தீர்த்தது எது, கெடுத்தது எது என்பது விளங்காது.

மூன்றாவது, பொறி இயங்கியும் முன்போல் இயங்காமை. நினைவகத்தின் வேகம் குறையும், விசிறி இரையும், கடிகாரம் பிழைபடும். இவை அஞ்சத்தக்கன அல்ல. உரிய அமைப்புகளை மீளக் குறித்தால் தீரும்.

நான்காவது, எழுதும்போதே மின்சாரம் நின்று நிரல் குறைபடுதல். இது மறதியன்று; உயிர்ப்பே நிற்றல். 1999 ஏப்ரல் 26-ஆம் நாள், சிஐஎச் என்னும் வைரஸ் பல பொறிகளின் இச்சில்லில் இருந்ததைச் சிதைத்தபோது நேர்ந்ததும் இதுவே. இந்நிலையிலும் வழியுண்டு. சில பலகைகளில் பென் டிரைவையும் ஒரு பொத்தானையும் கொண்டே மீள எழுதலாம். ஏனையவற்றிற்குப் பழுது பார்ப்போர் தனிக்கருவியால் சில்லில் நேரே எழுதுவர். வட்டிலுள்ள எழுத்துகளுக்கு இதனால் கேடில்லை.

கடப்பாக்கத்தில் நேர்ந்தது

நிற்க. இவற்றினும் கொடிய மறதி ஒன்று உண்டு. அதனை என் அனுபவத்தால் அறிந்தேன்.

எங்கள் ஊராகிய கடப்பாக்கம் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூரினர். அவர் பாட்டு ஏட்டில் ஏறியதால் இன்றும் நம்மிடம் உளது. என் பாட்டியாரின் நடவுப் பாட்டுகளும் தாலாட்டுகளும் ஏட்டில் ஏறவில்லை. ஒரு விடுமுறையில் அவற்றுள் இருபத்து மூன்றைப் பதிவு செய்து, வீட்டுக் கணிப்பொறியில் வைத்தேன். வேறு படி எடுத்திலேன். அவ்வாண்டு லெந்து நாள்களில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சில மாதங்களின்பின் பயாஸைப் புதுப்பித்தேன். செய்து முடிந்ததும், பாதுகாப்புச் சில்லின் பழைய பதிவை நீக்கலாமா என்று திரை வினவிற்று. பொருளறியாது ‘ஒய்’ என்னும் எழுத்தை அழுத்தினேன். அடுத்து வந்த நீலத்திரை நாற்பத்தெட்டு இலக்க மீட்பெண்ணைக் கேட்டது. அண்மைக் காலத்து விண்டோஸை இணையக் கணக்கோடு நிறுவினால், பிட்லாக்கர் என்னும் பூட்டு நாம் அறியாமலே வட்டில் விழுதல் உண்டு. அதன் திறவுகோல் பாதுகாப்புச் சில்லில் இருக்கும். அதனைத்தான் நான் என் விரலாலேயே நீக்கினேன்.

பழுது பார்ப்பவர் ஒருவர், “தம்பி, அந்த எண் இல்லையென்றால் வட்டை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை” என்றார். அவர் கூற்று மெய்யே. எண்ணின்றி அப்பூட்டைத் திறத்தல் இயலாது. ஆனால் எண் எங்கே இருக்கும் என்று அவரும் வினவவில்லை, நானும் எண்ணவில்லை. அன்றிரவு என் அன்னையார், “இந்தப் பெட்டியை முதலில் ஓட்டிக் கொடுத்தது உன் அத்தான் அல்லவா?” என்றார். அவ்வொரு வினாவே வழிகாட்டிற்று. அத்தான் தம் கணக்கைக் கொண்டே விண்டோஸை நிறுவியிருந்தார். மீட்பெண் அவர் கணக்கில் கிடந்தது. செங்கற்பட்டிலிருந்து அவர் ஆறாறு இலக்கமாக எட்டு முறை படிக்க, நான் தட்டினேன். ஒவ்வோர் ஆறிலக்கமும் 11ஆல் மீதியின்றி வகுபடுமாறு அமைந்ததாதலின், பிழைபட்டதைப் பொறி உடனே மறுத்துவிடும். எட்டாவது முடிந்ததும் வட்டு திறந்தது. முதற்பாட்டைக் கேட்டு என் அன்னையார் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

முற்காவல்

ஆதலின், புதுப்பிக்குமுன் இவற்றைச் செய்க. மீட்பெண்ணைக் கண்டறிந்து காகிதத்தில் எழுதி வைக்க. பிட்லாக்கர் காவலை அப்போதைக்கு நிறுத்தி வைக்க. பயாஸின் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்க. பலகையின் பெயரையும் பதிப்பையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிட்டு, அதனைச் செய்தவரிடமிருந்தே கோப்பைப் பெறுக. யூபிஎஸ் இன்றித் தொடங்கற்க. புயற்காலத்தில் அறவே தவிர்க்க. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாமல்லபுரத்தருகே மாண்டஸ் புயல் கரைகடந்ததை அறிந்த எம்மனோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாவற்றிற்கும் முன், இழக்கலாகாத எதற்கும் வேறோரிடத்தில் ஒரு படி வைக்க.

பாட்டியார் பாட்டுகளை இப்பொழுது காகிதத்தில் எழுதி வருகின்றேன். பதினேழு முடிந்தன. எஞ்சிய ஆறில் சில சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. ஊரில் முதியோரைக் கேட்டு எழுத வேண்டும்.