இளவேனிலுக்கு முன் புறக்கடைக் கோழி வளர்ப்பு

சித்திரையில் தொடங்கும் இளவேனில், தமிழகத்தில் கடும் வெயிலோடு சேர்ந்தே வருவதால், புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்க விரும்பும் குடும்பம் தை, மாசியிலேயே கொட்டகையை அமைத்துவிடுவது நல்லது. கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் நேர்வெயில் உள்ளே விழாது. வளர்ந்த கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும்.

அடை வைத்த முட்டைகள் 21 நாளில் பொரிக்கும். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளை மின்விளக்கின் கீழ், உமி பரப்பிய தரையில் வளர்ப்பது செயற்கை அடைகாப்பு எனப்படும். முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவைப்படும் இம்முறையில், வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடத்தையே நம்பத்தக்கது: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர் என்றும், விலகி ஓரமாக வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி என்றும் கொள்ள வேண்டும்.

கோழி எருவை மட்கவைத்த பின்னரே கீரைப் பாத்திக்கு இட வேண்டும். பச்சை எரு செடியைக் கருக்கும்.

இவை அனைத்தினும் முதன்மையானது தடுப்பூசி. இராணிக்கெட் எனப்படும் கோழிக்கழிச்சல், வைரசால் பரவி, ஊர்க் கோழிகளை ஒருசேர மாய்க்கக்கூடியது; வந்தபின் மருந்தில்லை. குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடப்படுகின்றன. கோடைக்கு முன்பே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுவது கட்டாயம்.