உவர்ச்சதுப்பின் நலனை வானிலிருந்து அறிதல்

உவர் நிலத்தைப்பற்றி நம் முன்னோர் நல்லெண்ணம் கொண்டிருந்தாரல்லர். வள்ளுவர் கல்லாதவரை விளைவற்ற களருக்கு ஒப்பிட்டார். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்திலும், ஆலயத்தினின்று புறப்பட்ட நதி கடல்நீரையே ஆரோக்கியமாக்கிற்றாயினும், சதுப்புகள் மட்டும் உப்புக்கென்று விடப்பட்டன. ஆயினும் இக்காலத்துத் தாவர நூலார் இந்நிலத்துக்கு வேறு மதிப்பு உரைக்கின்றனர். கடலோதம் வந்து மூடிச் செல்லும் உவர்ச்சதுப்பு, புயலலையின் வேகத்தைத் தணிக்கின்றது. இறால், நண்டு, மீன் இவற்றின் குஞ்சுகளை வளர்க்கின்றது. புல் காற்றினின்று ஈர்த்த கரியைச் சேற்றினுள் புதைத்து நெடுங்காலம் காக்கின்றது. 2000 முதல் 2019 வரை உலகில் இத்தகைய நிலம் நிகரமாக 1,453 சதுர கிலோமீட்டர் அழிந்தது என்பது செயற்கைக்கோட் படங்களால் விளங்கிய செய்தி.

மறைந்துபோன சதுப்பை எண்ணுதல் எளிது. மறையப்போகும் சதுப்பை முன்னறிதலே அரிது. அவ்வரிய வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜார்ஜியாக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம். நூறு மைல் அளவேயான அக்கரையில் 3,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட சதுப்பு உள்ளது. அதிற் பெரும்பாலும் ஸ்பார்ட்டினா என்னும் ஒரே வகைப் புல்லே வளர்கின்றது. அங்குள்ள சபேலோ தீவில் 1953 முதல் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சி நிலையம் நடத்தி வருகின்றனர். ஆயினும் ஓடைகள் குறுக்கிடும் அச்சேற்றில் எத்துணைப் பேர் எத்துணைத் தூரம் நடந்து அளக்க இயலும்?

லாண்ட்சாட் என்னும் செயற்கைக்கோள்கள் 16 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தின்மேல் வந்து படம் எடுக்கின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 30 மீட்டர் சதுரமாகும். உயிருள்ள இலையானது செந்நிற ஒளியை உண்டு, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். ஆதலின் அகச்சிவப்பிலிருந்து செந்நிறத்தைக் கழித்து, வந்த தொகையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமையின் அளவு கிடைக்கும். உதாரணமாக, ஒரு புள்ளி அகச்சிவப்பில் நூற்றுக்கு 40 பங்கும் செந்நிறத்தில் 8 பங்கும் திருப்பினால், 32-ஐ 48-ஆல் வகுக்க 0.67 ஆகும், அடர்ந்த புல்லென்று கொள்ளலாம். வெறுஞ்சேறு முறையே 15 பங்கும் 12 பங்கும் திருப்பினால் 0.11 மட்டுமே வரும்.

இங்கே ஒரு தொல்லை உண்டு. செயற்கைக்கோள் தனக்குரிய நேரத்தில் வரும். ஓதமோ நிலவின் கணக்கைப் பின்பற்றும். புல்லினடியில் நீர் நிறைந்திருக்கும் வேளையில் எடுத்த படத்தில் அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும். நல்ல புல்லும் நோயுற்றதுபோல் தோன்றும். ஜார்ஜியாவில் ஓதம் இரண்டு மீட்டருக்கு மேலும் ஏறுமாதலின் இப்பிழை சிறிதன்று. ஓதம் மூடிய புள்ளிகளைக் கண்டு விலக்கிய பின்னரே கணக்கைத் தொடங்க வேண்டும். இதனைச் செய்யாது வரைந்த வண்ணப்படம் எத்துணை அழகாயிருப்பினும் நம்பத்தக்கதன்று என்பது என் கருத்து.

1984-இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 5, மூன்றாண்டுக்கென்று செய்யப்பட்டு ஏறக்குறைய 29 ஆண்டுகள் உழைத்தது. அது 1984 முதல் 2011 வரை எடுத்த 294 படங்களை ஒப்பிட்டவர்கள், ஜார்ஜியாவின் நடுக்கரையில் தரைக்குமேல் நின்ற புல்லின் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டனர். வறட்சியும் ஆற்றுநீர்க் குறைவும் அதனோடு தொடர்புற்றிருந்தன.

இதுவரை கூறியது இலையின் கதை. சதுப்பின் உயிரோ வேரில் உள்ளது. கடல்மட்டம் உயரும்போது சதுப்பும் உடனுயர வேண்டும். வண்டல் படிவதனாலும், வேர்கள் பெருகி மண்ணைத் தாங்குவதனாலுமே அஃது உயரும். வேர் குறைந்தால் நிலம் தாழும்; தாழ்ந்த நிலத்தில் நீர் மேலும் நெடுநேரம் தங்கும்; வேர் மேலும் குறையும். மண்ணுக்கடியில் உள்ள வேரைச் செயற்கைக்கோள் காணாது. ஆதலின் ஆராய்ச்சியாளர் சேற்றைத் தூண்வடிவாய்க் குடைந்தெடுத்து, வேரைக் கழுவி, உலர்த்தி, நிறுத்தனர். அவ்வெடையோடு அவ்விடத்துப் பசுமை, நிலத்தின் உயரம், நீர் நிற்கும் காலம், வெப்பம் முதலியவற்றைக் கணிப்பொறியில் இணைத்து, குடையாத இடங்களுக்கும் வேரின் எடையை மதிப்பிட்டனர்.

2025-இல் வெளியான முடிவு வியப்பும் அச்சமும் தருவது. 2014 முதல் ஜார்ஜியாச் சதுப்பில் நூற்றுக்கு 72 பங்கு பரப்பில் வேர் குறைந்து வந்துள்ளது. சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு 1.2 பங்கு. அதே காலத்தில் பல இடங்களில் இலை குறையவில்லை. முன்னிலும் பசுமையாயும் தோன்றிற்று! பசுமையை மட்டும் அளந்தவர் அந்நிலங்களை நலமுடையன என்றே எழுதியிருப்பர்.

ஆயின் அவ்வேர்க்கணக்கு அந்தக் கரையின் ஸ்பார்ட்டினாவை நிறுத்துப் பெற்றது. நம் வேதாரண்யக் கரையின் உமரிச்செடிக்கு அதனை அவ்வாறே எடுத்தாள முடியாது. பசுமையின் அளவை இங்கும் அதே செயற்கைக்கோள் தரும். வேரின் எடையை மட்டும், சேற்றில் இறங்கிக் குடைபவரே தரவேண்டும்.