நிலாப் படத்துக்கு அஷ்டமிதான் முகூர்த்தம்

சாதாரண கேமராவில் நிலாவை எடுத்தால் கறுப்பு வானத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது. சுற்றிலும் இருட்டைப் பார்த்துவிட்டு, கேமரா தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பதுதான் காரணம். நமக்குத்தான் இரவு, நமக்குத் தெரியும் நிலாப் பரப்பில் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் உள்ள பொருளை எடுப்பதுபோலவே அதையும் எடுக்க வேண்டும்.

1. நாள் பாருங்கள். நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள். நிலாப் படத்துக்கு வளர்பிறை அஷ்டமியை விட்டால் வேறு நாள் இல்லை. பாதி நிலாவில் வெயில் சாய்வாக விழுவதால், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு எழுந்து தெரியும். பௌர்ணமியில் வெயில் நேராக விழும். நிழல் இருக்காது, படம் தட்டையாக வரும். திதியைத் தினசரி காலண்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். அஷ்டமி நிலா சூரியன் மறையும்போது உச்சியில் இருக்கும். கழுத்து வலிக்காமல் எடுக்க, மேற்கே சற்று இறங்கும்வரை காத்திருங்கள். அடிவானத்துக்கு அருகே போய்விட்டால் தூசியும் புகையும் படத்தை மங்கலாக்கும்.

2. கேமராவை அசையாமல் நிறுத்துங்கள். டிரைபாட் இல்லையென்றால் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வையுங்கள்.

3. ஆப்டிகல் ஜூமை முழுக்க நீட்டுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான், அதைப் பிறகு நாமே செய்துகொள்ளலாம். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். நிலா ஏறக்குறைய 2 நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். அவ்வப்போது நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

4. வெளிச்சத்தைக் குறையுங்கள். மேனுவல் மோட் இருந்தால் ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8 வைத்து, அஷ்டமிக்கு ஷட்டர் 1/60, பௌர்ணமிக்கு 1/200 என்று தொடங்குங்கள். எஃப் 5.6 என்றால் ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். மேனுவல் இல்லாத கேமராவில் ஸ்பாட் மீட்டரிங் தேர்ந்தெடுத்து நிலாவை நடுவில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் கூட்டல் கழித்தல் குறியுள்ள பட்டனை அழுத்தி -2 வரை இறக்குங்கள்.

5. ஃபோகஸை நிலாவின் ஒளிவிளிம்பில் பிடியுங்கள். கேமரா தடுமாறினால், மலைக் குறியுள்ள தொலைதூர மோடுக்கு மாற்றுங்கள்.

6. 2 விநாடி டைமர் வைத்து எடுங்கள். பட்டனை அழுத்தும் விரலின் அதிர்வு அதற்குள் அடங்கிவிடும்.

7. எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் ஷட்டரை வேகமாக்குங்கள். ஒரு பக்கமாக இழுத்தாற்போல் இருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. முழுதும் மங்கலென்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி எடுங்கள். எதை மாற்றியதால் படம் தேறியது என்பது அப்போதுதான் தெரியும்.

பௌர்ணமியை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நிலாவின் தென்பகுதியில் உள்ள டைக்கோ பள்ளத்திலிருந்து நாலா பக்கமும் பாயும் வெள்ளைக் கீற்றுகள் அன்றைக்குத்தான் பளிச்சென்று விழும்.